வாயில் வந்த நட்சத்திரம்

அந்த பக்கெட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க சார். ஆங், போதும். பைப்பக் கழட்டுனா ரெண்டு சொம்பு தண்ணி கீழ வரும். தரை பளபளன்னு இருக்கு, அம்மா திட்டுவாங்க.

டேபிள்ல இருக்கறது ஜாதகமா சார்? பொண்ணுக்கா? ஓரத்துல மஞ்சள் தடவியிருக்கறதப் பாத்தேன். எத்தன பொருத்தம் இருக்குன்னாங்க? ஆறா? ஆறுக்கா சார் மூஞ்சிய இப்படித் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க?

நான் அதிகம் பேசறவன் இல்ல சார். எங்க ஓனரு கூட சொல்லுவாரு, "குணசீலா, போற வீட்ல வேலையப் பாரு, வாயத் திறக்காத, கம்ப்ளெயின்ட் பில்டர் மேல வரல, உன் மேல வருது"ன்னு. ஆனா பொருத்தம்னு காதுல விழுந்துட்டா எனக்குக் கை ஓடாது. பில்டருக்குள்ள புது மெம்பரேன், அதான் தண்ணிய வடிகட்டற சவ்வு, போட்டிருக்கேன். அரைமணி நேரம் தண்ணி ஓடி வீணாப் போகணும், அப்பத்தான் குடிக்கலாம். அதுவரைக்கும் நானும் சும்மாதான் நிக்கணும், நீங்களும் சும்மாதான் உக்காந்திருக்கணும். சொல்லிடறேன்.

எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. பாத்தாத் தெரியாதும்பாங்க. ஒரே பொண்ணு, தர்ஷிகா, அஞ்சாங்கிளாஸ் படிக்கறா. அவ அம்மா ரேணுகா போயி ஆறு வருஷமாச்சு. காய்ச்சல் சார். திங்கக்கிழம இட்லிக்கு மாவு அரைச்சு வெச்சா. அடுத்த திங்கக்கிழம இல்ல. அந்த மாவு பிரிட்ஜுலயே இருந்துச்சு, எடுத்துக் கொட்ட எனக்கு மனசு வரல. அதப் பத்தி நான் பேசறதில்ல.

அப்புறம் நானும் பொண்ணும்தான். ஆம்பள தனியா எப்படிப்பா பொம்பளப் புள்ளய வளப்பன்னு கேக்காத ஆள் இல்ல. வளத்தேனா இல்லியா? தல பின்னத் தெரியாதேன்னாங்க. பாப் கட் வெட்டிவிட்டேன், முடிஞ்சுது வேல. ஆண்டு விழாவுல பரதநாட்டியம், சவரி வெச்சு அனுப்புங்கன்னு டீச்சர் எழுதியனுப்பினாங்க. பாப் கட்டுல சவரி எங்க நிக்கும்? பில்டர் ஒயரக் கட்டற டேக்கு இருக்கு பாருங்க, இந்த வெள்ள பிளாஸ்டிக், அதுல நாலு எடுத்து இறுக்கிட்டேன். மேடையில என்னா குதி குதிச்சா! அசைஞ்சுதா சவரி? ஆடி முடிச்சப்புறம் கழட்டத்தான் கட்டிங் பிளேயர் தேவப்பட்டுச்சு. டீச்சருங்க எல்லாம் கூடி நின்னு பாத்தாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு.

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல உறையூர்ல ஒரு வீட்ல பில்டர் மாட்டற வேல வந்துச்சு.

கீழ்ப் போர்ஷன்ல அழகேசன்னு ஒருத்தரு குடும்பத்தோட இருக்காரு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேல. மேல் போர்ஷன்ல அவரு தங்கச்சி. மங்கையர்க்கரசி மேடம். ஒரு லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேல. முப்பத்தேழு வயசு. கல்யாணமாயி ரெண்டே வருஷத்துல ஒத்துவராம, கோர்ட்டு வழியா பிரிஞ்சு வந்தவங்க. குழந்தை இல்ல. இதெல்லாம் நானாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதில்ல சார். எதிர்வீட்ல பில்டர் மாட்டறப்ப அந்த வீட்டுக்காரம்மாவா சொன்னாங்க. ரெண்டு மூணு தடவ கேட்டதுக்கப்புறம் அவங்களா சொன்னாங்க.

மொத நாளே சண்ட. தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்க இந்த மீட்டர் இருக்குல்ல, டிடிஎஸ். நான் எப்பவும் அறுபதுல வெச்சுக் குடுப்பேன். அந்த மேடம் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு டம்ளர கீழ வெச்சுட்டாங்க.

"என்னங்க இது, உயிரே இல்லாத தண்ணி? நூறாவது வைங்க."

"மேடம், நான் பதினாறு வருஷமா இந்த பீல்டுல இருக்கேன்."

"நான் பதிமூணு வருஷமா மனுஷங்க ரத்தத்துல உப்பு பாக்கறேன். உடம்புன்னு இருந்தா உப்பு வேணும் சார். உங்களப் பாத்தா நீங்களும் இந்த அறுபதுலயே குடிக்கறீங்க போல."

என்ன திமிரு பாருங்க. உப்புப் போட்டு சோறு திங்கறவன் நான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுப் படி இனிமே மிதிக்கறதில்லன்னு. ரெண்டே வாரத்துல திரும்பப் போக வேண்டியதாப் போச்சு.

எங்க கம்பெனி சர்வீஸ் மூணு மாசத்துக்கு ஒருக்க. நான் அந்த வீட்டுக்கு மட்டும் பதினஞ்சு நாளுக்கு ஒருக்க போனேன். ஏன்னா அந்த ஏரியாத் தண்ணி சரியில்ல சார். எதிர்வீட்டுக்கும் அதே தண்ணிதான், அங்க மூணு மாசத்துக்கு ஒருக்கத்தான் போனேன். அது வேற விஷயம். ஒரு டெக்னீஷியனுக்கு எந்த மெஷினு எப்பப் படுத்தும்னு மனசுல படும். பட்டா போகணும். ஒவ்வொரு தடவையும் அவங்க டீ போட்டுக் குடுப்பாங்க, நான் பில்டரக் கழட்டித் துடைச்சு மாட்டுவேன். "எங்க வீட்டு பில்டர் குளிக்கற மாதிரி நான் கூட குளிக்கறதில்ல"ன்னாங்க ஒரு நாள். நல்ல சர்வீஸப் பாராட்டத் தெரிஞ்ச மனுஷி.

சனிக்கிழம ஸ்கூல் இல்லாததால தர்ஷுவையும் கூட்டிட்டுப் போவேன். அவங்க கூட உக்காந்து கணக்குப் போடுவா. ஒரு நாள் வண்டியில போறப்ப பின்னாடி உக்காந்துக்கிட்டு கேக்கறா, "அப்பா, எல்லா வீட்டுக்கும் கம்பெனி சட்ட போட்டுட்டுப் போற, ஆன்ட்டி வீட்டுக்கு மட்டும் ஏன் அந்த நீலச் சட்ட?" கம்பெனி சட்ட அழுக்காயிருந்துச்சு சார். எப்பப் பாத்தாலும் சனிக்கிழமன்னா அது அழுக்காயிருக்கும். அதச் சொன்னா ம்ம்முனு ஒரு சத்தம் குடுத்தா. அவ அம்மா குடுக்கற அதே ம்ம்மு.

போன ஐப்பசி மழையில தர்ஷுவுக்குக் காய்ச்சல் வந்துச்சு.

சார், நான் தைரியசாலிதான். ரெண்டாவது மாடி சன்ஷேடுல தொங்கிக்கிட்டு பைப்பு மாட்டியிருக்கேன். ஆனா தர்மாமீட்டர்ல நூத்தி ரெண்டப் பாத்ததும் அத நாலு தடவ உதறித் திரும்பத் திரும்ப வெச்சுப் பாத்தேன். டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு. மங்கை மேடத்துக்குப் போன் பண்ணேன். என்ன பேசினேன்னு எனக்கே தெரியல, பில்டர் ஓடலன்னு ஏதோ சொல்லியிருக்கேன். அவங்க "அட்ரஸ் சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டாங்க.

அஞ்சு நாள் சார். தினம் காலையில டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்க. மத்தியானம் போன் வரும். தட்டணு எவ்வளவுன்னு நம்பர் சொல்றதுக்கு முன்னாடி, "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுத்தான் நம்பரு. மூணாம் நாளு எழுபத்திரெண்டாயிரம். அன்னைக்கு பயப்பட ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்து தர்ஷு பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. நான் சமையக்கட்டுல கஞ்சி கிண்டறேன்னு நின்னுக்கிட்டு அழுதேன். கஞ்சியில உப்புப் போடல. அவங்க ஒரு ஸ்பூன் வாயில வெச்சுப் பாத்துட்டு எழுந்து போயி உப்புப் போட்டுக் கொண்டாந்தாங்க. அஞ்சாம் நாளு ஒரு லட்சத்து பத்தாயிரம். அந்த நம்பர நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

காபியா? வேணாம்மா, இருக்கட்டும். சரி, குடுங்க. அரைச் சக்கர.

எங்க விட்டேன்? ஆங். காய்ச்சல் விட்டு ரெண்டு வாரங் கழிச்சு நான் பில்டர் பாக்கப் போறேன். அவங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, "இங்க பாருங்க, இனிமே பில்டர் பாக்கறேன்னு சாக்கு வெச்சு வராதீங்க"ன்னாங்க. எனக்கு எப்படியிருக்கும்? சாக்காம்! பொறுப்பா வேல செஞ்சவனுக்கு இந்தப் பேரா? டூல்ஸ் பையத் தூக்கிட்டு வந்துட்டேன். பத்தொம்போது நாள் அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கல. நான் எண்ணல சார், தர்ஷுதான் எண்ணிச் சொன்னா.

இருபதாம் நாளு ஓனரு கூப்பிட்டு காச்சு காச்சுன்னு காச்சறாரு. "உறையூர் மேடம் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. டெக்னீஷியன் எட்டிக்கூடப் பாக்கறதில்லயாம்." வந்துச்சு பாருங்க கோவம். தர்ஷுவையும் கூட்டிக்கிட்டு நேராப் போனேன். பில்டர் மூடியத் திறந்தேன், பைப்ப உருவினேன்.

"சாக்கு வெச்சு வராதீங்கன்னுதான சொன்னேன்? வராதீங்கன்னா சொன்னேன்?"ன்னு அவங்க கேக்கறாங்க.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

அவங்க நெத்தியில கைய வெச்சுக்கிட்டாங்க. "தர்ஷு, என்னால முடியலடா. உங்கப்பாவுக்கு நீயே புரிய வை."

அவ சாக்லேட்ட மென்னுக்கிட்டே திரும்பினா. "அப்பா, ஆன்ட்டி அவங்க அண்ணன்கிட்ட வந்து பொண்ணு கேக்கச் சொல்றாங்க."

நான் உருவின பைப்ப அப்படியே கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன். தண்ணி நீலச் சட்டையில பீச்சி அடிக்குது. மூடணும்னு தோணல. அவங்கதான் குனிஞ்சு வால்வ மூடினாங்க. பதினாறு வருஷ சர்வீஸ் சார்.

அடுத்த ஞாயித்துக்கிழம பழம், பூவு, ஸ்வீட்டோட போனேன். அம்மா அப்பா எனக்கு இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்ல. நானும் தர்ஷுவும்தான் போனோம். எங்க பக்கத்துப் பெரிய மனுஷி அவதான்.

அழகேசன் நல்ல மனுஷன். ஆனா சிரிப்ப எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணுவாரு. எல்லாம் பேசினப்புறம் சொன்னாரு, "தம்பி, உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. தங்கச்சிக்கும் புடிச்சிருக்கு. ஆனா போன தடவ நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம். ஜாதகம் எதுக்குன்னு, கோயில்ல செகப்புப் பூவும் வெள்ளப் பூவும் பொட்டலமாக் கட்டிப் போட்டு, வெள்ள வந்தாக் குடுக்கறதுன்னு பாத்தோம். வெள்ளதான் வந்துச்சு. குடுத்தோம். அவ பட்டது போதும். எடுத்தவன் நான், அந்தப் பொட்டலத்த. இந்தத் தடவ பத்துப் பொருத்தமும் பாக்காம நான் தலையாட்ட மாட்டேன். உங்க நட்சத்திரம், ராசி சொல்லுங்க."

"உத்திரட்டாதி, மீன ராசி."

டக்குன்னு வந்துச்சு. மூச்சு விடற நேரங்கூட யோசிக்கல. அவரு டைரியில எழுதிக்கிட்டாரு. தர்ஷு முறுக்கக் கடிச்சுக்கிட்டிருந்தவ, கடிக்கறத நிறுத்திட்டு என்னப் பாத்தா. அப்புறம் மங்கையப் பாத்தா. அப்புறம் திரும்ப முறுக்கக் கடிக்க ஆரம்பிச்சுட்டா. முறுக்குல ஏதோ கல்லு போலன்னு நெனச்சேன்.

நாலு நாள்ல அழகேசன் போன் பண்றாரு. குரல்ல சிரிப்பு வழியுது. மங்கைக்கு மிருகசீரிஷம். உத்திரட்டாதிக்கும் மிருகசீரிஷத்துக்கும் பத்துக்கு எட்டாம். "ஜோசியரே ஆச்சரியப்பட்டுட்டாரு தம்பி. இதுங்க ரெண்டும் ஒண்ணயொண்ணு விட்டுக் குடுக்காதுன்னாரு. தையில வெச்சுக்கலாம். முகூர்த்தம் குறிக்கணும், உங்க ஜாதக நோட்டக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து பீரோவத் திறந்தேன். ரேணுகா சேலைங்களுக்கு அடியில ரெண்டு நோட்டு இருந்துச்சு. அட்டையில அவ கையெழுத்து. ஒண்ணுல "பாப்பா". இன்னொண்ணுல "அவர்". என் பேரக்கூட எழுதல பாருங்க, வெறும் அவர். அவ கையெழுத்தப் பாத்து எத்தன நாளாச்சோ, கொஞ்ச நேரம் அட்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் பிரிச்சேன்.

அவிட்டம்.

திரும்பப் படிக்கறேன், அவிட்டம்தான். பாப்பா நோட்டப் பிரிச்சா உத்திரட்டாதி, மீன ராசி. நான் எனக்குன்னு சொன்னது என் பொண்ணோட நட்சத்திரம்! அவிட்டத்துல பொண்ணு பொறந்தா தவிட்டுப் பானையெல்லாம் பொன்னும்பாங்க. ஆம்பளையாப் பொறந்த எனக்குத் தவிடு மட்டும்தான் மிச்சம் போல.

"தர்ஷு, உனக்குத் தெரியுமாடி இது?"

"தெரியும். அன்னைக்கு அவங்க வீட்ல என்னோடதச் சொன்ன."

"வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொந்த நட்சத்திரமே தெரியாதுன்னா எப்படிப்பா பொண்ணு குடுப்பாங்க?"

நியாயந்தான?

எனக்கு ஜோசியத்துல நம்பிக்க கிடையாது சார். நம்பிக்க இல்லாததாலதான் தைரியமா வேற ஒரு ஜோசியர்கிட்ட போயி அவிட்டத்தையும் மிருகசீரிஷத்தையும் சொல்லிக் கேட்டேன். அந்தாளு கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு. பத்துக்கு நாலாம். அதுலயும் ரஜ்ஜு இல்ல, வேதை வேற இருக்குன்னாரு. "ரஜ்ஜு இல்லன்னா என்னங்க?"ன்னேன். "மாங்கல்ய பலம் இல்லப்பா. ரெண்டும் தலை ரஜ்ஜு. புருஷனுக்கு ஆகாது"ன்னாரு. புருஷன் நான்தான்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பதமாச் சொல்லியிருப்பாரு.

மூணு நாள் சோறு எறங்கல. மறச்சுடலாம்னு நெனச்சேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். நோட்டு தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா யாரு கேக்கப்போறா? எட்டு எட்டாவே இருந்துட்டுப் போகும். ஆனா மீட்டர்ல நூத்தி இருபது காட்டற தண்ணிய அறுபதுன்னு எழுதிட்டு ஒரு வீட்லருந்தும் நான் எறங்கினதில்ல. அந்த அழகேசன் முகம் வேற கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு தடவ பொட்டலத்த நம்பி ஏமாந்த மனுஷன். சொன்னா மங்கை போயிடுவா. சொல்லலன்னா அவ பக்கத்துல உக்காந்து நான் எப்படி சோறு திங்கறது? இப்பத்தான் வீட்ல மூணு தட்டு வெக்கற நெனப்பே எனக்கு வந்திருந்துச்சு.

நாலாம் நாளு பொறுக்கல. தர்ஷுவோட போயி, ஹால்ல அழகேசன், மங்கை ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, நோட்டு ரெண்டையும் முன்னால வெச்சு, ரஜ்ஜு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அழகேசன் எழுந்து நின்னுட்டாரு. "சின்னப் புள்ள நட்சத்திரத்தக் குடுத்து என் தங்கச்சியக் கேட்டிருக்கீங்களா? யாருக்காவது சொந்த நட்சத்திரம் மறந்து போகுமாய்யா? யாரு காதுல பூ சுத்தறீங்க?"

நான் அந்த ரெண்டு நோட்டையும் எடுத்து நேரா அடுக்கி வெச்சேன்.

தர்ஷுதான் பேசினா. "மறக்கல மாமா. சொல்லிச் சொல்லி என்னோடதுதான் அவருக்கு வாயில வருது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எங்க தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். ஐயரு தட்ட வாங்கிட்டுப் பேரு நட்சத்திரம் கேப்பாரு. தர்ஷிகா, உத்திரட்டாதி, மீன ராசின்னு அப்பா சொல்லுவாரு. அவரு பேர சொல்லவே மாட்டாரு. நான் சொல்லப் போனாலும் வேணாம்பாரு."

அப்பத்தான் சார் எனக்கே அது ஒறைச்சுது. ரேணுகா இருந்தப்ப அவதான் சொல்லுவா. எங்க மூணு பேரோடதையும் வரிசையாச் சொல்லுவா, மொதல்ல என்னுது. அவ போனப்புறம் தட்டு என் கைக்கு வந்துச்சு. சாமிகிட்ட மூணு பேருக்குக் கேட்டுத்தான ஒண்ணு கொறஞ்சு போச்சு, இனிமே ஒரே ஒருத்திக்கு மட்டும் கேப்போம், அதையாவது கவனிச்சுப் பாத்துக்கட்டும்னு ஒரு நெனப்பு. ஆறு வருஷம் அதையே சொன்னா, வேற எது வரும் வாயில?

இதச் சொல்லி முடிச்சுட்டு நான் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். திடீர்னு மங்கை சிரிக்கறா. சிரிப்புன்னா அப்படியொரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"அப்ப அந்த எட்டுப் பொருத்தம் எனக்கும் தர்ஷுவுக்குமா?"

"ஆமா"ன்னேன்.

"அண்ணே, நீ உக்காரு. ஒண்ணு சொல்றேன். இவர நெனச்சு நான் ஒரு நாளும் பயந்ததில்ல. இவர் கூட சண்ட போட்டுக்கிட்டே காலத்த ஓட்டிடுவேன். எனக்கு இருந்த பயமெல்லாம் இந்தப் புள்ள மேலதான். நாளைக்கே நீ யாரு எனக்குன்னு கேட்டுடுமோன்னு எத்தன நாள் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன் தெரியுமா? இப்ப எட்டுன்னு ஜோசியரே எழுதிக் குடுத்துட்டாரு. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

தர்ஷு போயி அவ மடியில சாஞ்சுக்கிட்டா. என் பொண்ணு சார், எனக்குச் சாதகமா ஒரு வார்த்த சொல்லிட்டு அங்க போயிட்டா.

அழகேசன் சிரிக்கல. "ரஜ்ஜு இல்லன்னு இவரே சொல்றாரே, மங்கை. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"தினம் அம்பது பேருக்கு ரத்தம் எடுக்கறேன்ணே. ஒருத்தர் ட்யூப்லயும் நட்சத்திரம் எழுதினதில்ல."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு. ஒரு தடவ பாத்துட்டேன், இன்னொரு தடவ நீ அழறதப் பாக்க என்னால முடியாது. எனக்கு மனசு ஒப்பல"ன்னுட்டு செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

மங்கை எங்கள வாசல் வரைக்கும் வந்து விட்டா. "ரெண்டு வருஷம், ஒரு வாய்தா விடாம, லீவு போட்டுட்டு கோர்ட்டுல என் பக்கத்துல வந்து உக்காந்தவரு. அவரு சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க"ன்னா. நான் என்னத்தக் கோவிச்சுக்க? எனக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லியேன்னுதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் மூணு வாரம், போனும் இல்ல ஒண்ணும் இல்ல. சனிக்கிழம வந்தா தர்ஷு கணக்கு நோட்ட எடுத்து வெச்சுக்கிட்டு என்னப் பாப்பா. நான் வேற பக்கம் பாப்பேன். ஒரு நாளு சும்மா இருக்க முடியாம எங்க வீட்டு பில்டர நூறுல வெச்சுக் குடிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலயே இன்னும் வருத்தமாப் போச்சு.

நாலாவது வெள்ளிக்கிழம சாயந்தரம், நானும் தர்ஷுவும் பிள்ளையார் கோயில் வரிசையில நிக்கறோம். ஐயரு கைநீட்டினாரு, தட்டக் குடுத்தேன். "தர்ஷிகா, உத்திரட்டாதி, மீன ராசி"ன்னேன். வழக்கம் போலதான். ஐயரு திரும்பறாரு, என் தோளுக்குப் பின்னாலருந்து இன்னொரு தட்டு நீளுது. தேங்கா, பழம், ரெண்டு முழம் பூவு.

"சாமி, இதையும் சேத்து வாங்கிக்கங்க. குணசீலன், அவிட்டம்."

திரும்பிப் பாத்தா அழகேசன். ஒர்க்‌ஷாப்புலருந்து நேரா வந்திருக்காரு, சட்டையில கிரீஸ் கறை. என்னப் பாக்கவேயில்ல, பிள்ளையாரத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. அவருக்குப் பின்னால மங்கை நிக்கறா.

"என்ன பாக்கறீங்க?"ன்னு சாமியப் பாத்துக்கிட்டே என்கிட்ட சொல்றாரு. "புருஷனுக்கு ஆகாதுன்னா புருஷன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டாப் போச்சு. நீங்களும் உங்களுக்குக் கேக்கப் போறதில்ல. ஒருத்தராவது கேக்க வேணாமா? வாராவாரம் நான் வந்துடறேன். என் தங்கச்சிக்காகத்தான் பண்றேன், உங்களுக்காக ஒண்ணும் இல்ல." அப்புறம் ஐயருகிட்ட, "சாமி, அவிட்டத்தக் கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. ஆறு வருஷ பாக்கி இருக்கு."

ஐயரு சத்தமாச் சொன்னாரு சார். குணசீல நாமதேயஸ்யன்னு என் பேரு அந்தக் கருங்கல்லுல பட்டுத் திரும்பி வருது. யாரோ ஒரு நல்ல மனுஷன் பேரு மாதிரி இருந்துச்சு. நான் அழுதேன். தர்ஷு என் கையப் புடிச்சுக்கிட்டா, இன்னொரு கையால மங்கையப் புடிச்சுக்கிட்டா.

ரெண்டு தட்டும் திரும்பி வந்துச்சு. என் பேருக்குப் பண்ண தட்டுலருந்து வாழப்பழத்த எடுத்து தர்ஷுகிட்ட நீட்டினேன். பழக்கம், கை தானாப் போகுது. அழகேசன் என் மணிக்கட்டப் புடிச்சு நிறுத்திட்டாரு.

"பாப்பாவுக்கு அந்தத் தட்டுல இருக்கு. இது உங்க பேருக்குப் பண்ணது. நீங்க சாப்பிடுங்க மாப்ள."

அங்கயே, கோயில் படியில உக்காந்து, முழுப் பழத்தையும் நானே சாப்பிட்டேன் சார்.